ஸ்பானிஷ் தெரியாமல் ஸ்பானிஷ் நாடகம் பார்க்கலாமா?

அடுத்த கேள்வி. வாஷிங்டனில் வேலை பார்க்கும் ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "காலா ஹிஸ்பானிக் தியேட்டர் எங்கள் வீட்டுக்குப் பக்கம்தான். ஆனால் எனக்கு ஸ்பானிஷ் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. போனால் புரியுமா? அது ஸ்பெயின்காரர்களுக்கான இடமா?"

தாராளமாகப் போங்கள். நாடகம் ஸ்பானிஷில் நடக்கும்போதே வசனத்தின் ஆங்கிலம் திரையில் வரும். சினிமா சப்டைட்டில் மாதிரி அது தானாக ஓடிவிடாது. நடிகர் ஒரு நாள் நிறுத்திப் பேசுவார், ஒரு நாள் வேகமாகப் பேசுவார். அதனால் இந்த வேலைக்கென்றே ஒருவர் உட்கார்ந்து, காதைத் தீட்டிக்கொண்டு, வரி வரியாகத் தட்டிவிடுவார். ஒரு நொடி முந்தினாலும் நடிகர் வாய் திறக்கும் முன்பே நீங்கள் சிரித்துவிடுவீர்கள்! முன்வரிசை மட்டும் வேண்டாம், அண்ணாந்து பார்த்தே கழுத்து வலித்துவிடும்.

ஸ்பெயின்காரர்களுக்கா என்றால், அவர்களுக்கு மட்டும் இல்லை. 1976இல் இதைத் தொடங்கிய தம்பதியில் ஹ்யூகோ மெட்ரானோ அர்ஜென்டினாக்காரர். 1924இல் கட்டிய பழைய டிவோலி சினிமாக் கொட்டகைக்கு 2005இல் குடிவந்தார்கள். அந்தக் கொட்டகை இருக்கும் கொலம்பியா ஹைட்ஸ் பகுதியில் எல் சால்வடோரிலிருந்து வந்த குடும்பங்கள் நிறைய. மொழி ஒன்றுதான், ஆனால் ஊருக்கு ஊர் பேச்சு வேறு. கியூபாவில் 'குவாகுவா' என்றால் பஸ், சிலியில் அதுவே கைக்குழந்தை! அர்ஜென்டினாவில் பஸ்ஸுக்கு 'கொலெக்டிவோ' என்பார்கள். இத்தனை ஸ்பானிஷும் ஒரே மேடையில் ஏறுவதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அங்கே வளரும் பிள்ளைகளில் பலர் பாட்டி ஸ்பானிஷில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறவர்கள். பள்ளி விட்டதும் வரும் பதின்ம வயதினருக்கு 'பாஸோ நுவேவோ' என்று இலவச நாடகப் பயிற்சி வைத்திருக்கிறார்கள். தங்கள் கதையைத் தாங்களே எழுதி நடிக்கிறார்கள். ஒரு தியேட்டர் வருஷத்துக்கு எத்தனை நாடகம் போடுகிறது என்பதைவிட இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

சரி, படித்துக்கொண்டே நாடகம் பார்க்கத் தயக்கமா? அப்படியானால் ஆண்டுதோறும் அவர்கள் நடத்தும் ஃப்ளமெங்கோ என்ற ஸ்பெயின் நடன விழாவுக்கு முதலில் போங்கள். குதிகால் பலகையில் அடிக்கும் தாளமும் பக்கத்தில் நிற்பவர்களின் கைதட்டலும் ஒன்றையொன்று துரத்தும். தாளம் சட்டென்று நிற்கும் இடத்தில் பக்கத்து சீட்டுக்காரர் 'ஓலே!' என்று குரல் கொடுப்பார். கூச்சப்படாமல் நீங்களும் கொடுக்கலாம், ஆடுகிறவர்களுக்கு அது பிடிக்கும்.