லொடலொடக்கும் காரும் உள்ளங்கை அளவு ரப்பரும்

வணக்கம் நேயர்களே.

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சத்தம் நன்றாகவே தெரியும். மெதுவாகப் போய்க்கொண்டிருப்போம். முன்சக்கரம் ஒரு சின்னக் குழியில் இறங்கி ஏறும். கீழே எங்கிருந்தோ 'லொட லொட' என்று கேட்கும். வேகம் எடுத்தால் மறைந்துவிடும், பாட்டு ஓடினால் காதில் விழாது. நமக்கு அது பழகிப் போயிருக்கும். வண்டியில் புதிதாக ஏறுகிறவர்தான் "என்ன சத்தம் அது?" என்று கேட்பார். அந்தச் சத்தத்தை வீட்டிலேயே, நம் கையாலேயே எப்படிச் சரிசெய்வது என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். நான் தொழில்முறை மெக்கானிக் இல்லை. ஆனால் பல வருடங்களாக என் காரின் சஸ்பென்ஷன் வேலைகளை நானேதான் செய்கிறேன். ஒரு தடவை தப்பாகவும் செய்திருக்கிறேன். அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், கொஞ்ச நேரத்தில் அதற்கு வருகிறேன்.

சஸ்பென்ஷன் என்றதும் எல்லோருக்கும் ஷாக் அப்சார்பர்தான் நினைவுக்கு வரும். சத்தம் வந்தால் "ஷாக் போயிடுச்சு" என்று உடனே சொல்லிவிடுகிறோம். ஆனால் காரின் எடையைத் தாங்குவது ஷாக் இல்லை, ஸ்பிரிங். அழுந்திய ஸ்பிரிங் தன் இஷ்டத்துக்குத் துள்ளிக்கொண்டே இருக்கும். அந்தத் துள்ளலை அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. உள்ளே எண்ணெய் இருக்கிறது. பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது அந்த எண்ணெய் சின்னச் சின்னத் துளைகள் வழியாகத் திணறித் திணறிப் போகிறது. துள்ளலின் வேகம் அங்கே சூடாக மாறி அடங்கிவிடுகிறது. சக்கரத்தை அதன் இடத்தில் பிடித்து வைப்பதோ வேறு ஒன்று, அடியில் இருக்கும் லோயர் ஆர்ம். அதன் ஒரு முனையில் பால் ஜாயிண்ட், அதாவது எந்தப் பக்கமும் திரும்பும் குண்டு இணைப்பு; காரின் உடம்போடு சேரும் மறுமுனையில் ரப்பர் புஷ். இது தவிர, வளைவில் கார் ஒரு பக்கமாகச் சாயாமல் தடுக்கும் ஸ்டெபிலைசர் கம்பி ஒன்று உண்டு. அதைச் சக்கரத்தோடு இணைக்கும் விரல் தடிமன் கம்பியை லிங்க் ராட் என்பார்கள். லொடலொட சத்தம் பெரும்பாலும் வருவது இந்தச் சின்னக் கம்பியின் முனையில் இருக்கும் சின்னக் குண்டிலிருந்துதான். அது தெரியாமல் நான்கு ஷாக்கையும் மாற்றிவிட்டு, அதே சத்தத்தோடு ஓட்டிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அதனால் ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் ஆட்டம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். முதலில் ஜன்னலை இறக்கிவிட்டு, ஒரு மதிலை ஒட்டினாற்போல் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வரும், எந்தப் பக்கம் என்று காதே சொல்லிவிடும். பிறகு காரைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சக்கரத்துக்கு உட்புறமாகக் கையை விட்டு லிங்க் ராடின் முனையைப் பிடித்துக்கொள்ளுங்கள். வெளியே நிற்கும் இன்னொருவர் காரை லேசாக ஆட்ட வேண்டும். தேய்ந்த குண்டு இருந்தால் விரல் நுனியில் ஒரு 'டிக்' தட்டும். சத்தமாகக் கேட்பதற்கு முன்பே விரலுக்குத் தெரிந்துவிடும் அது. ஒரு தடவை அதை உணர்ந்தவர் அப்புறம் மறக்கமாட்டார்.

பால் ஜாயிண்டைப் பார்க்கச் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்க வேண்டும். சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து உள்ளும் வெளியுமாக அசையுங்கள். ஆட்டம் தெரிந்தால் உள்ளே ஒருவரை உட்காரவைத்து பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் கோளாறு வீல் பேரிங்கில் இருக்கிறது. அப்போதும் ஆடினால் பால் ஜாயிண்டைச் சந்தேகப்படலாம். சக்கரத்தை இடமும் வலமுமாகப் பிடித்து அசைத்தால் வரும் ஆட்டம் பெரும்பாலும் டை ராட் முனையில், அதாவது ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் முனையில் இருக்கும். ஷாக்குக்கு வேறு அடையாளங்கள். உடம்பில் எண்ணெய் ஈரமாக வழிந்திருக்கும். டயரை உள்ளங்கையால் தடவிப் பார்த்தால் ஒரு இடம் மேடு, ஒரு இடம் பள்ளம் என்று அலை அலையாகத் தேய்ந்திருக்கும். காரின் மூலையை அழுத்தி விட்டால் ஒரே மூச்சில் எழுந்து நிற்காமல் இரண்டு மூன்று தடவை ஆடும். ஆடவில்லை என்பதற்காக ஷாக் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்ட வேண்டாம். முழுக்கப் போன ஷாக்கைத்தான் இந்தச் சோதனை காட்டும்.

சரி, பாதுகாப்பு. இதில் மட்டும் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுவேன். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். தாங்குவதற்கு ஸ்டாண்ட் வேண்டும். ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்ட் வைக்காத காருக்கு அடியில் தலையை மட்டுமல்ல, கையைக்கூட விடாதீர்கள். மண் தரையில் தூக்காதீர்கள், கெட்டியான சமதளம் வேண்டும். தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். வீல் நட்டுகளைக் கார் தரையில் நிற்கும்போதே அரைச் சுற்று தளர்த்திவிடுங்கள். ஸ்டாண்டில் இறக்கிய பிறகு காரை இரண்டு கையாலும் நன்றாகத் தள்ளிப் பாருங்கள். விழுவதாக இருந்தால் நீங்கள் வெளியே நிற்கும்போதே விழட்டும். கழற்றிய சக்கரத்தை ஓரத்தில் சாய்த்து வைக்காமல் காரின் உடம்புக்கு அடியில் படுக்கப் போடுங்கள், அதுவும் ஒரு காவல்.

அடுத்தது ஸ்பிரிங். இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றின் முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் இருக்கிறது. 1940-களில் ஏர்ல் மெக்ஃபர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் உருவாக்கிய அமைப்பு இது. ஷாக்கையும் ஸ்பிரிங்கையும் ஒரே தூணாகச் சேர்த்து, ஸ்டியரிங் திரும்பும்போது அந்தத் தூணும் சேர்ந்து திரும்பும்படி செய்திருப்பார்கள். இடமும் மிச்சம், பாகங்களும் குறைவு. ஆனால் காரின் ஒரு மூலையைத் தாங்கும் அந்த ஸ்பிரிங், தூணின் உச்சியில் இருக்கும் ஒரே ஒரு நட்டினால் அழுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. பானெட்டைத் திறந்தால் அது நடுவில் தெரியும். அதைச் சுற்றியுள்ள நட்டுகளைக் கழற்றலாம், நடு நட்டில் கை வைக்கக்கூடாது. ஸ்பிரிங்கை அழுத்திக் கட்டாமல் அதைத் தளர்த்தினால் அடைபட்டிருந்த விசை முழுக்க ஒரு நொடியில் வெளியே வரும், ஆளையே கொல்லக்கூடிய விசை. ஸ்பிரிங்கைக் கவ்வி அழுத்தும் கருவிகள் கிடைக்கின்றன, ஆனாலும் வீட்டில் அதை நான் செய்வதில்லை. தூணை முழுசாகக் கழற்றி, ஸ்பிரிங் அழுத்தும் இயந்திரம் இருக்கும் பட்டறைக்குக் கொண்டுபோய் ஷாக்கை மாற்றி வாங்கி வருவேன். ஸ்பிரிங்கோடு சேர்த்துப் பொருத்தியே விற்கும் தூண் கிடைத்தால் இன்னும் நல்லது. தூணைக் கழற்றும்போது பிரேக் எண்ணெய் போகும் ஹோஸும், பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கும் ஏ.பி.எஸ். அமைப்பின் வயரும் அதில் மாட்டியிருக்கும், முதலில் அவற்றை விடுவியுங்கள். சக்கரம் மாட்டியிருக்கும் இரும்புப் பாகமான நக்கிளைத் தூணோடு சேர்க்கும் போல்ட்டுகள் எந்த நிலையில் இருந்தன என்று கீறி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். நக்கிள் வெளியே சாய்ந்து சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட்டை இழுத்துவிடாதபடி ஒரு கம்பியால் கட்டியும் வையுங்கள்.

புதிதாக ஆரம்பிப்பவருக்கு லிங்க் ராட் நல்ல வேலை. முந்தின நாள் சாயங்காலமே மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெயை அடித்து வைத்துவிடுங்கள். மறுநாள் நட்டைத் திருப்பும்போது உள்ளே இருக்கும் குண்டும் சேர்ந்து சுற்றும். எல்லோரும் திணறுகிற இடம் இதுதான். போல்ட்டின் நடுவில் ஆறுமுகக் குழி இருக்கும், அதில் ஆலன் கீயைக் கொடுத்து அசையாமல் பிடித்துக்கொண்டு ரிங் ஸ்பேனரால் நட்டைத் திருப்ப வேண்டும். அப்படியும் வராவிட்டால் நட்டை அறுத்து எடுப்பதில் தவறில்லை, அந்தப் பாகம் எப்படியும் குப்பைக்குத்தான். இன்னொன்று, ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் தூக்கினால் ஸ்டெபிலைசர் கம்பி முறுக்கிக்கொண்டு நிற்கும். புது லிங்க் ஓட்டையில் சேராமல் ஒரு விரல் தள்ளி நின்று வேடிக்கை காட்டும். இரண்டு பக்கத்தையும் சேர்த்துத் தூக்குங்கள், தானாக வந்து உட்காரும்.

இப்போது லோயர் ஆர்ம், நான் தப்பு செய்த இடம். ஒரு விடுமுறை நாளில் இரண்டு பக்க ஆர்மையும் மாற்றினேன். புஷ்ஷை மட்டும் மாற்றுவதற்கு பிரஸ் இயந்திரம் வேண்டும், அதனால் புஷ்ஷும் பால் ஜாயிண்டும் பொருத்தி வரும் முழு ஆர்மையே வாங்கியிருந்தேன். வீட்டு வேலைக்கு அதுதான் சரி. கார் ஸ்டாண்டில் நின்றது, சக்கரப் பகுதி கீழே தொங்கியது. எல்லா போல்ட்டையும், இறுக்கத்தை அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்ச் வைத்து, குறித்த அளவுக்கு முறுக்கினேன். கார் புதுசு போல ஓடியது. ஒரு வருடம்கூட ஆகவில்லை, பழையபடி சத்தம். அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தால் இரண்டு புஷ்ஷிலும் ரப்பர் வட்டமாகக் கிழிந்திருந்தது. மட்டமான பொருளைக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பொருளில் குற்றம் இல்லை, நான் முறுக்கிய விதத்தில்தான் இருந்தது.

புஷ் என்பது உள்ளங்கையில் அடங்கும் சின்ன உருளை. வெளியே ஓர் இரும்பு வளையம், உள்ளே ஓர் இரும்புக் குழாய், நடுவில் ரப்பர். அந்த ரப்பர் இரண்டு இரும்போடும் ஒட்டி வார்க்கப்பட்டிருக்கிறது. போல்ட்டை முறுக்கினால் உள்குழாய் காரின் உடம்போடு இறுகிப் போகும், அது சுற்றாது. சக்கரம் ஏறி இறங்கும்போது ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு வளைந்து கொடுக்கிறது, பிறகு திரும்ப வருகிறது. அது இளைப்பாறும் நிலை எது? போல்ட்டை முறுக்கிய நேரத்தில் ஆர்ம் இருந்த நிலை. நானோ சக்கரம் தொங்கும்போது முறுக்கிவிட்டேன். காரைத் தரையில் இறக்கியதும் ஆர்ம் பத்துப் பதினைந்து டிகிரி மேலே எழுந்தது. சும்மா நிற்கும்போதே ரப்பர் அவ்வளவு தூரம் முறுக்குண்டு கிடந்தது. அதற்கு மேல் ஒவ்வொரு குழியும் அதை இன்னும் முறுக்கியது. பாவம், கிழியாமல் என்ன செய்யும்?

அதனால் இப்போது இப்படிச் செய்கிறேன். சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன், கார் தரையில் நிற்கும்போதே, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மேலே மட்கார்டின் விளிம்பு வரை டேப் வைத்து அளந்து, அந்த சென்டிமீட்டர் கணக்கை ஒட்டுத்தாளில் எழுதி மட்கார்டிலேயே ஒட்டிவிடுவேன். புது ஆர்மை மாட்டி, போல்ட்டுகளைக் கையால் விரல் இறுக்கத்துக்கு மட்டும் ஏற்றுவேன். பிறகு இன்னொரு ஜாக்கியை ஆர்மில் பால் ஜாயிண்டுக்குப் பக்கத்தில் கொடுத்து, கார் ஸ்டாண்டிலிருந்து எழும்பாதபடி பார்த்துக்கொண்டே, அதே அளவு வரும்வரை மெதுவாகத் தூக்குவேன். அந்த நிலையில்தான் புஷ் போல்ட்டுக்கு டார்க் ரெஞ்ச். அதிகப்படியாக ஆகும் நேரம் பத்து நிமிடம். அந்தப் புஷ்ஷுகள் இன்னும் காரில்தான் இருக்கின்றன. ரப்பர் புஷ்ஷில் கிரீஸ் தடவாதீர்கள், அதுவும் முக்கியம். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ரப்பர் ஊறிப்போய் இளகிவிடும். துரு எண்ணெய் தெறித்திருந்தாலும் துடைத்துவிடுங்கள்.

பால் ஜாயிண்ட் பல கார்களில் கூம்பு வடிவத்தில் நக்கிளுக்குள் சிக்கென்று பிடித்திருக்கும். மரையின் தலையில் சுத்தியலால் அடிக்காதீர்கள். நக்கிளில் அது உட்கார்ந்திருக்கும் கண்ணின் பக்கவாட்டில் இரண்டு நல்ல அடி கொடுத்தால் பிடி விட்டு 'டக்' என்று கழன்று விழும். கழற்றிய லாக் நட்டுகளை, அதாவது தானாகத் தளராதபடி செய்த நட்டுகளை,த் திரும்பப் போடாமல் புதிதாக வாங்குங்கள். எந்த போல்ட்டுக்கு எவ்வளவு இறுக்கம், எந்த போல்ட்டைக் கட்டாயம் மாற்ற வேண்டும் என்பதெல்லாம் உங்கள் காரின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். இன்னொருவர் காரின் கணக்கு உங்களுக்கு உதவாது.

வீல் நட்டுகளை வட்டமாக வரிசைப்படி இறுக்காமல் எதிரெதிராக இறுக்கி, 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி ஒரு தடவை டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள். ஆர்ம், தூண், டை ராட் இவற்றில் எதை மாற்றினாலும் வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம் சரியா என்று பார்த்தே ஆக வேண்டும். டை ராட் முனையைக் கழற்றும்போது எத்தனை சுற்றில் வெளியே வந்தது என்று எண்ணி, புதியதையும் அத்தனை சுற்று ஏற்றினால், அலைன்மென்ட் மையம் வரை காரை மெதுவாக ஓட்டிப் போகும் அளவுக்குச் சக்கரம் நேராக நிற்கும். அங்கே போனதும் என்னென்ன பாகம் மாற்றினீர்கள் என்று அவர்களிடம் சொல்லிவிடுங்கள், எங்கே பார்க்க வேண்டும் என்று அவர்களுக்கும் தெரியும். மட்கார்டில் ஒட்டிய தாளை அதுவரை கிழிக்க வேண்டாம். நான்கைந்து நாள் ஓடிய பிறகு அதே இடத்தில் அளந்து, அளவு மாறியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.