அம்பு, சேறு, சீதபேதி: ஐந்தாம் ஹென்றியின் கதை

வணக்கம்.

1403ஆம் ஆண்டு ஜூலை 21ஆம் நாள், வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஷ்ரூஸ்பரி நகருக்கு அருகே, இங்கிலாந்து மன்னன் நான்காம் ஹென்றிக்கும் அவனை எதிர்த்துக் கிளம்பிய பெர்சி என்ற பிரபுக் குடும்பத்தாருக்கும் இடையே போர் மூண்டது. தந்தைக்காகப் போரிட்ட 16 வயது இளவரசனின் முகத்தில் ஓர் அம்பு தைத்தது. பிடுங்கியபோது தண்டு மட்டும் கையோடு வந்துவிட, இரும்பு முனை ஏறத்தாழ ஆறு அங்குல ஆழத்தில், மண்டையோட்டின் பின்புற எலும்பில் தங்கிவிட்டது.

லண்டன் அறுவை மருத்துவர் ஜான் பிராட்மோர் அதை எப்படி எடுத்தார் என்பதை அவரே எழுதி வைத்திருக்கிறார். எல்டர் மரத்தின் நெட்டியை உலர்த்தித் தூய துணியில் சுற்றி, ரோஜாத் தேனில் தோய்த்து, சிறியதில் தொடங்கிப் படிப்படியாகப் பெரியதாகச் செருகிப் புண்ணின் வாயை அகலப்படுத்தினார். பின்னர், நடுவே திருகு வைத்துத் தாமே வடிவமைத்த மெல்லிய இடுக்கியை உள்ளே செலுத்தி, முனையின் உட்குழிவைப் பற்றிக்கொண்டு, முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்து வெளியே எடுத்தார். வெள்ளைத் திராட்சை மதுவால் கழுவப்பட்ட அந்தப் புண் சுமார் 20 நாட்களில் ஆறியது. மயக்க மருந்து இல்லாத காலம் என்பதை நினைவில் கொண்டு இதைக் கேட்க வேண்டும்.

அந்த இளவரசன் 1413இல் ஐந்தாம் ஹென்றியாக முடிசூடினான். அவனுடைய தந்தை 1399இல் இரண்டாம் ரிச்சர்டை அகற்றிவிட்டு அரியணையைக் கைப்பற்றியவர் என்பதால், மகனின் உரிமையையும் ஐயத்தோடு பார்த்தவர்கள் இருந்தார்கள். கொள்ளுப்பாட்டன் மூன்றாம் எட்வர்டு எழுப்பிய பிரெஞ்சு முடியுரிமைக் கோரிக்கையை ஹென்றி மீண்டும் கையிலெடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம். பிரான்சிலோ, மன்னன் ஆறாம் சார்லஸ் அவ்வப்போது மனநிலை பிறழ்ந்துவிட, பிரபுக்களின் இரு அணிகளான பர்கண்டி கட்சியும் ஆர்லியன்ஸ் கட்சியும் ஒன்றையொன்று அழிக்கத் துடித்துக்கொண்டிருந்தன.

படை திரட்டிய விதத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். ஒரே தோலில் ஒப்பந்தத்தை இருமுறை எழுதி, நடுவில் வளைவு வளைவாக வெட்டி, அரசனும் படைத்தலைவனும் ஆளுக்கொரு பாதியை வைத்துக்கொள்வார்கள். பின்னாளில் வழக்கு வந்தால் இரண்டு பாதிகளும் பொருந்த வேண்டும். வில்லாளிக்கு நாளொன்றுக்கு 6 பென்ஸ், கவச வீரனுக்கு 12 பென்ஸ். சம்பளத்திற்கு ஈடாக ஹென்றி தன் அரச நகைகளையே அடகு வைத்தான்.

1415 ஆகஸ்டில் நார்மண்டிக் கரையில் இறங்கிய படை, செப்டம்பர் 22 அன்று ஹார்ஃப்ளர் துறைமுகத்தைப் பிடித்தது. ஆனால், முற்றுகையின்போது பாசறையில் பரவிய சீதபேதி படையின் பெரும் பங்கை வீழ்த்திவிட்டது. எஞ்சியவர்களோடு ஆங்கிலேயர் வசமிருந்த கலே நகரை நோக்கிச் சென்ற ஹென்றியை, அக்டோபர் 25 அன்று அஜின்கோர்ட்டில் பெரிய பிரெஞ்சுப் படை மறித்தது. இரு காடுகளுக்கு இடையே குறுகிய, புதிதாக உழுத வயல். முந்தைய இரவெல்லாம் மழை. கூர்முனைக் கழிகளை முன்னே நட்டுக்கொண்டு நீள்வில் வீரர்கள் அம்பு தொடுக்க, கனத்த கவசம் பூண்டு நெருக்கியடித்து வந்த பிரபுக்கள் சேற்றில் விழுந்து, பின்னால் வந்தவர்களாலேயே மிதிபட்டார்கள். பின்புறமிருந்தும் தாக்குதல் வருவதாக அஞ்சிய ஹென்றி, பிடிபட்டவர்களைக் கொல்ல ஆணையிட்டான். புகழ்மாலைகளுக்கு நடுவே இந்த ஆணையை மறைப்பது நேர்மையாகாது.

அஜின்கோர்ட்டில் வென்றது ஹென்றிதான். ஆனால் அது சில மணி நேரப் போர்; அதனால் கையகல நிலம்கூடக் கூடுதலாகக் கிடைக்கவில்லை. என் பார்வையில், ஹென்றியின் உண்மையான ஆயுதம் முற்றுகைதான். 1417இல் திரும்பி வந்து நார்மண்டியை ஊர் ஊராக வளைத்தான். ரூவான் நகரம் ஏறத்தாழ ஆறு மாதம் தாக்குப்பிடித்தது. உணவு தீர்ந்ததும் நகரத்தார் வெளியேற்றிய முதியோரையும் பெண்களையும் குழந்தைகளையும் ஹென்றி தன் அணிகளைக் கடந்துபோக விடவில்லை. மதிலுக்கும் பாசறைக்கும் இடைப்பட்ட அகழியில், குளிர்காலத்தில், அவர்கள் பட்டினியால் மடிந்தார்கள். கிறிஸ்துமஸ் அன்று மட்டும் உணவு அனுப்பினான். 1419 ஜனவரியில் நகரம் பணிந்தது.

அதே ஆண்டு செப்டம்பரில் பர்கண்டிக் கோமகன் ஜானை, மன்னன் ஆறாம் சார்லஸின் மகனான இளவரசன் சார்லஸின் ஆட்கள் ஒரு பாலத்தின் மீது கொன்றதால், பர்கண்டி முழுவதுமாக ஹென்றியின் பக்கம் சாய்ந்தது. 1420 மே 21 அன்று கையெழுத்தான ட்ருவா உடன்படிக்கை, மன்னனின் மகனை ஒதுக்கிவிட்டு, ஹென்றியையே பிரான்சின் வாரிசாக அறிவித்தது. ஜூன் 2 அன்று மன்னனின் மகள் கேத்தரினை அவன் மணந்தான்.

வாரிசாகத்தான், மன்னனாக அல்ல. மாமனார் இறக்கும்வரை காத்திருக்க வேண்டும். ஒதுக்கப்பட்ட இளவரசன் தெற்கே இன்னும் போரிட்டுக்கொண்டிருந்ததால், ஹென்றி 1421 அக்டோபரில், பாரிசுக்குக் கிழக்கே அந்த இளவரசனின் ஆதரவாளர்கள் வசமிருந்த மோ நகரை முற்றுகையிட்டான். அது விழ அடுத்த ஆண்டு மே ஆயிற்று. அந்தப் பாசறையில் பற்றிய நோய், பெரும்பாலும் ஹார்ஃப்ளரில் அவன் படையைத் தின்ற அதே சீதபேதி, அவனை விடவில்லை. 1422 ஆகஸ்ட் 31 அன்று, பாரிசுக்கு அருகிலுள்ள வின்சென் கோட்டையில், 35 வயதில் இறந்தான்.

மாமனார் ஆறாம் சார்லஸ் அக்டோபர் 21 அன்று காலமானார். இரு நாடுகளின் முடியுரிமையும் ஹென்றியின் பத்து மாதக் கைக்குழந்தைக்குப் போய்ச் சேர்ந்தது.