மறுத்துப் பேசும் ஆங்கிலம்

(கேரளத்தின் கொழிஞ்சாம்பாறையில், தமிழ் வழி வகுப்புகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களும் பெற்றோரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)

ஆசிரிய நண்பர்களே, பெற்றோர்களே, முன்வரிசைப் பிள்ளைகளே, வணக்கம்.

நம் சித்தூர்த் தாலுகாப் பிள்ளைகளுக்கு மேடை புதிதல்ல. பள்ளிக் கலைவிழாவான கலோத்சவத்தில் ஆங்கிலப் பேச்சுப் போட்டிக்கும் போகிறார்கள். ஆனால் அந்தப் பேச்சை யார் எழுதுகிறார்கள்? பெரும்பாலும் நாம்தான் எழுதித் தருகிறோம். பிள்ளை மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறது. நடுவில் ஒரு வரி மறந்தால் அப்படியே நின்றுவிடுகிறது.

அதனால்தான் ஆங்கில வகுப்பில் முறையான விவாதம் வேண்டும் என்கிறேன். எதிரணி என்ன சொல்லும் என்று தெரியாத இடத்தில் மனப்பாடம் உதவாது. காது கொடுத்துக் கேட்க வேண்டும். கேட்டதற்கு அங்கேயே பதில் சொல்ல வேண்டும்.

விவாதம் என்றதும் நமக்குப் பட்டிமன்றம் நினைவுக்கு வரும். எனக்கும் அது பிடிக்கும். நான் சொல்வது வேறு. ஆசியப் பாராளுமன்ற முறை என்ற விவாதப் போட்டியில் இரண்டு அணிகள், அணிக்கு மூன்று பேர், ஒவ்வொருவருக்கும் 7 நிமிடம். தலைப்பு தெரிந்த பிறகு தயாரிக்க 30 நிமிடம்தான். முதல் பேச்சாளர் தலைப்புக்கு எல்லை வகுப்பார். அடுத்து வருகிறவர்கள் எதிரணிக்குப் பதில் சொல்லாமல் தம் கருத்தை மட்டும் சொல்லிவிட்டு இறங்க முடியாது. முதல் நிமிடமும் கடைசி நிமிடமும் போக, இடையில் எதிரணியினர் எழுந்து கேள்வி கேட்கலாம்; அதற்குப் பாயின்ட் ஆஃப் இன்ஃபர்மேஷன் என்று பெயர். விவாதம் முடியும்வரை நடுவர் வாய் திறப்பதில்லை. தன் சொந்தக் கருத்தை ஒதுக்கி வைத்து, மேடையில் சொல்லப்பட்டதை மட்டும் எடைபோடுவார். நம் வகுப்பறைக்கு 7 நிமிடம் அதிகம். 2 நிமிடம் போதும்.

சரி, எதைப் பற்றிப் பேச வைப்பது? நம் தண்ணீரைப் பற்றியே பேசட்டும். தமிழ்நாடும் கேரளமும் ஆற்று நீரைப் பகிர்ந்துகொள்ளும் பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தம் 1970இல் கையெழுத்தானது. 1958 முதல் செல்லும் என்று அதில் எழுதிக்கொண்டார்கள். மணக்கடவு வழியாக நம் சித்தூர்ப்புழை ஆற்றுக்குத் தமிழ்நாடு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தர வேண்டும். ‘இந்த ஒப்பந்தத்தைத் திருத்தி எழுத வேண்டும்’ என்று தலைப்புக் கொடுங்கள். சித்தூரில் நெல் போடும் குடும்பத்துப் பெண்ணைத் தமிழ்நாட்டின் பக்கம் நின்று பேசச் சொல்லுங்கள். மழை பொய்த்த ஆண்டிலும் அதே அளவைக் கொடுத்தால் தமிழ்நாட்டின் திருமூர்த்தி அணைப் பாசனத்துக்கு என்ன மிஞ்சும் என்று அவள் கேட்க வேண்டும். நட்ட பயிருக்குக் காலத்தில் வராத தண்ணீர் கணக்கில் இருந்து என்ன பயன் என்று எதிரணி திருப்பிக் கேட்கும். எல்லைக்கு இரண்டு பக்கமும் உறவுக்காரர்கள் உள்ள பிள்ளைகள் நம்முடையவர்கள். இந்தத் தலைப்பில் அவர்களுக்குச் சொல்ல விஷயம் உண்டு. விஷயம் இருந்தால் சொல்லைத் தேடிப் போவார்கள்.

நம்பாத பக்கத்துக்காகப் பேசுவது பொய் இல்லையா என்று ஒரு பெற்றோர் கேட்டார். நியாயமான கேள்வி. பவணந்தி முனிவர் நன்னூலில் நூலாசிரியர் கொள்ளும் ஏழு நிலைகளைச் சொல்கிறார். உடன்படுவது, மறுப்பது ஆகிய இரண்டும் முதலில் வருகின்றன. அடுத்தது, பிறருடைய கொள்கையை முதலில் ஏற்றுக்கொண்டு, அப்புறம் அதைக் களைவது. எதிராளியின் வாதத்தை அவரே ஒப்புக்கொள்ளும்படி எடுத்துச் சொல்லத் தெரியாதவரால் அதை மறுக்க முடியாது. அதைத்தான் இங்கே பழகுகிறார்கள்.

ஆங்கிலத்தில் இதற்கு ‘ஈவன் இஃப்’ என்ற இரண்டு சொல் வேண்டும். ‘நீங்கள் சொல்வது சரியென்றே வைத்துக்கொண்டாலும்’ என்று தொடங்கும் வாக்கியம் அது. இலக்கண வகுப்பில் இஃப் வாக்கியங்களைப் பலகையில் எழுதிப் போடுகிறோம். பிள்ளைகள் தேர்வோடு மறந்துவிடுகிறார்கள். விவாதத்தில் அந்த வாக்கியம் வராமல் பதிலே சொல்ல முடியாது. அப்படித் தேவைப்பட்டுப் பிடித்த வாக்கியம் கைவிட்டுப் போகாது என்று உறுதியாக நம்புகிறேன். தொடக்கத்தில் ‘தே ஸெட்’, ‘பட்’, ‘பிகாஸ்’, ‘தேர்ஃபோர்’ என்ற நான்கு படியைப் பலகையில் எழுதி வையுங்கள். அவர்கள் சொன்னது, என் மறுப்பு, காரணம், முடிவு. தாளை நடுவில் மடித்து, ஒரு பக்கம் எதிரணி சொன்னதையும் மறுபக்கம் தன் பதிலையும் குறிக்கட்டும். பேசாத பிள்ளைகளும் குறிக்க வேண்டும். அந்தத் தாளை வைத்துத்தான் யார் நன்றாகக் கேட்டார்கள் என்று தெரியும்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை பேசும்போது இலக்கணப் பிழையைப் பிடித்து நிறுத்தாதீர்கள். மலையாளமோ தமிழோ நடுவில் ஒரு சொல் வந்தால் வரட்டும். குறித்து வைத்துக்கொண்டு மறுநாள் வகுப்பில் எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லுங்கள்.

அடுத்த வாரமே ஒரு வகுப்பில் தொடங்கலாம். தண்ணீர்த் தலைப்பை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு வரட்டும். யார் எந்தப் பக்கம் என்பதை மட்டும் அன்று காலையில் சீட்டுக் குலுக்கி எடுங்கள்.