டீசல் பிக்கப்பில் மூன்று அளவு மீட்டர்களை மாட்டுவது எப்படி?

[காட்சி: பாரம் ஏற்றிய பிக்கப் ஒரு நீண்ட மேட்டில் ஏறுகிறது. டேஷ்போர்டில் வெப்ப முள் நடுவில்.]

வணக்கம். இந்த முள்ளைக் கொஞ்சம் பாருங்கள். வண்டி மேடு ஏறினாலும் இறங்கினாலும் நடுவிலேயே நிற்கிறது. பல வண்டிகளில் கம்பெனியே அதை அப்படித்தான் வைத்திருக்கிறது. கூலன்ட் சூடு ஓரளவு ஏறி இறங்கினாலும் முள் அசையாது. ஓட்டுபவர் பதறக் கூடாதாம். ஆனால் அது அசைய ஆரம்பிக்கிற நேரத்தில் பதறித்தான் ஆக வேண்டும்.

அதனால்தான் தனியாக மீட்டர். டர்போவின் பூஸ்ட் (அது இன்ஜினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம்), எக்ஸாஸ்ட் புகையின் வெப்பம், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலின் சூடு, இந்த மூன்றும் போதும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் எக்ஸாஸ்ட் மீட்டரை வாங்குங்கள். டீசல் இன்ஜினில் எரிபொருள் கூடக் கூட வெப்பமும் கூடும். பாரத்தோடு மேட்டில் மிதித்தால், கூலன்ட் சூடேற நேரம் எடுக்கும். எக்ஸாஸ்ட் சில நொடிகளிலேயே ஏறிவிடும். தொடர்ந்து 700 டிகிரி செல்சியஸ் என்றால் ஆபத்து. பிஸ்டன் அலுமினியக் கலவை. சுத்த அலுமினியமே 660 டிகிரியில் உருகிவிடும். அடியில் பீய்ச்சும் ஆயிலும் ஒவ்வொரு சுற்றிலும் உள்ளே வரும் புதுக் காற்றும்தான் பிஸ்டனைக் காப்பாற்றுகின்றன.

[காட்சி: எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட், சாக்பீஸில் ஒரு புள்ளி.]

சரி, பயமான வேலையை முதலில் முடிப்போம். எக்ஸாஸ்ட் சென்சாரை டர்போவுக்கு முன்னால், மேனிஃபோல்டில், அதாவது சிலிண்டர்களின் புகையைச் சேர்த்துக் கொண்டுபோகும் குழாயில் பொருத்த வேண்டும். டர்போவுக்குப் பின்னால் துளை போடுவது சுலபம்தான். ஆனால் பாரம் இழுக்கும்போது அங்கே 100, 150 டிகிரி குறைத்துக் காட்டும். அந்த வித்தியாசமும் ஒரே மாதிரி இருக்காது.

இன்ஜின் நன்றாக ஆறியிருக்கட்டும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். சிலிண்டர்களின் புகை ஒன்றுசேரும் இடமாக, டிரில் நேராக நுழையும் இடமாகப் பார்த்துப் பஞ்ச் வைத்துக் குறியிடுங்கள். முதலில் சின்ன பிட், அப்புறம் 11/32 இன்ச் பிட், அதாவது சுமார் 8.7 மி.மீ. அதில் 1/8 இன்ச் என்பிடி (அமெரிக்கக் குழாய் மரை அளவு) டேப் போட்டு மரை வெட்ட வேண்டும். இந்த மரை கூம்பு வடிவம். டேப்பைக் கடைசி வரை இறக்கிவிட்டால் ஃபிட்டிங் பிடிக்காமல் லொடலொடக்கும். கொஞ்சம் வெட்டி, ஃபிட்டிங்கைப் போட்டுப் பார்த்து, மறுபடி வெட்டுங்கள்.

உள்ளே விழும் இரும்புத் தூள்தான் எல்லாருடைய கவலையும். டர்போ சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுற்றக்கூடியது. அதன் வழியில் ஒரு துணுக்குகூடக் கிடக்கக் கூடாது. பிட்டிலும் டேப்பிலும் கிரீஸைத் தாராளமாக அப்புங்கள். கொஞ்சம் துளைத்ததும் வெளியே எடுத்துத் துடைத்து, புது கிரீஸ் தடவி மறுபடி போங்கள். துளை திறக்கப் போகிற நேரத்தில் அழுத்தவே வேண்டாம். கடைசியில் காந்தக் குச்சியை உள்ளே விட்டுத் துழாவுங்கள். சிலர் இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டுக் கடைசித் துளையைப் போடுவார்கள், புகையே தூளை வெளியே தள்ளிவிடும் என்று. தள்ளும்தான், உங்கள் முகத்தின் மேல்! என்னைக் கேட்டால், டர்போவின் நட்டுகள் முரண்டு பிடிக்காமல் கழன்றால் அதைக் கழற்றி வைத்துவிட்டே துளை போடலாம்.

[காட்சி: சென்சார் வயர் நெருக்கத்தில். ஒன்று மஞ்சள், ஒன்று சிவப்பு.]

இங்கே ஒரு பொறி இருக்கிறது. இந்த எக்ஸாஸ்ட் சென்சார் கே வகைத் தெர்மோகப்பிள், அதாவது இரண்டு வேறு உலோக வயர்களைக் கொண்டு வெப்பத்தை அளப்பது. அதன் அமெரிக்க நிற முறையில் மஞ்சள்தான் பாசிட்டிவ், சிவப்பு நெகட்டிவ். சிவப்பு என்றாலே பாசிட்டிவ் என்று பழகிய கையில் நான் ஒருமுறை மாற்றிக் கொடுத்துவிட்டேன். இன்ஜின் சூடாக ஆக முள் பின்னால் போனது. மீட்டரே பழுது என்று அரை நாள் திட்டிக்கொண்டிருந்தேன். இன்னொன்று, இந்த வயரை வெட்டிச் சாதாரணச் செம்பு வயரோடு ஒட்டாதீர்கள், அளவு தப்பிவிடும். நீளம் மிஞ்சினால் சுருட்டிக் கட்டுங்கள்.

பூஸ்ட் சுலபம். இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து ஒரு டி ஃபிட்டிங், ஒரு சின்னக் குழாய். வெறும் காற்று என்பதால் கேபினுக்குள் கொண்டுவரலாம். டீசல் பிரஷர் மீட்டர் மாட்டுகிறவர்கள் மட்டும் இப்படிச் செய்யாதீர்கள். கேபினுக்குள் டீசல் குழாயே வரக் கூடாது, எலக்ட்ரிக் சென்சார்தான்.

கியர்பாக்ஸுக்கு ஆயில் பேனில் சென்சார் வைத்தால் முள் நிதானமாக நகரும். 80 முதல் 95 டிகிரி வழக்கம். 120 தொட்டால் ஓரம் கட்டுங்கள். ஒற்றை வயர் சென்சாருக்கு மரைதான் எர்த். டெஃப்லான் டேப்பைச் சுற்றோ சுற்று என்று சுற்றினால் எர்த் கிடைக்காது.

வயர்களை ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகரச் சுவர்) ரப்பர் குரோமெட் வளையம் வழியாகவே எடுங்கள், தகரம் வயரை அறுத்துவிடும். சாவி போட்டால் மட்டும் கரன்ட் வரும் பியூஸை மல்டிமீட்டரில் தேடி அங்கிருந்து எடுங்கள். கண்ணாடி ஓரத் தூணில் ஏர்பேக் இருக்கும் வண்டி என்றால் மீட்டரை அங்கே மாட்டாதீர்கள். டேஷ்போர்டின் மேலே வையுங்கள்.

[காட்சி: அதே மேடு, புது மீட்டர்கள்.]

இப்போது பழகிய மேட்டில் ஏறிப் பாருங்கள். பூஸ்ட் முள்ளும் எக்ஸாஸ்ட் முள்ளும் சேர்ந்து ஏற வேண்டும். அதே மேடு, அதே பாரம், ஆனால் பூஸ்ட் குறைந்து எக்ஸாஸ்ட் கூடினால், முதலில் டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ் கிளாம்ப்பைப் பாருங்கள். பெரும்பாலும் எங்கோ காற்று கசியும். வண்டியை நிறுத்தியதும் சாவியைத் திருப்ப வேண்டாம். எக்ஸாஸ்ட் முள் 150 பக்கம் இறங்கட்டும். சூடான டர்போவில் ஆயில் ஓட்டம் சட்டென்று நின்றால் பேரிங்கில் ஆயில் கரியாகிவிடும்.

[காட்சி: முள் மெல்ல இறங்குகிறது. 180... 160... சாவி திரும்புகிறது.]