காட்பாடி ஜங்ஷனை வைத்து ஒரு கிளாஸ் டயகிராம்

வணக்கம் நண்பர்களே, வேலூரில் இருந்து பேசுகிறேன். யூஎம்எல் என்பது சாஃப்ட்வேர் வடிவமைப்பைப் படமாக வரையும் முறை. அதில் கிளாஸ் டயகிராம் என்றால் ஒவ்வொரு வகைப் பொருளுக்கும், அதாவது கிளாஸுக்கும், ஒரு பெட்டி; அவற்றின் தொடர்புக்கு ஒரு கோடு. பெட்டிகளை எல்லோரும் சரியாகப் போட்டுவிடுகிறார்கள். நடுவில் வரும் கோட்டில்தான் தடுமாற்றம். இன்றைக்கு நம்ம காட்பாடி ஜங்ஷனையே வரைந்து பார்ப்போம்.

திரையில் ஸ்டேஷன், பிளாட்பாரம் என்று இரண்டு பெட்டிகள். காட்பாடி பிளாட்பாரத்தைப் பெயர்த்துக் கொண்டுபோய் வேலூர் கண்டோன்மென்டில் வைக்க முடியாது. ஸ்டேஷன் போனால் அதுவும் போச்சு. இது காம்போசிஷன், கோட்டின் முனையில் கறுப்பு டைமண்ட். ரயிலும் கோச்சும் அப்படியில்லை. ஒரு ரயிலில் கழற்றிய கோச்சை இன்னொன்றில் கோர்க்கலாம். இது அக்ரிகேஷன், வெள்ளை டைமண்ட். எந்த நிறமானாலும் டைமண்ட் முழுப்பொருளின் பக்கம்தான் வரும். ஸ்டேஷன் பக்கம், ரயில் பக்கம்.

ஒன்று சொல்கிறேன், வெள்ளை டைமண்டுக்காக மணிக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். அதன் துல்லியமான பொருளை யூஎம்எல் விதிமுறையே வரைகிறவரிடம் விட்டுவிட்டது. சந்தேகமாக இருந்தால் வெறும் அசோசியேஷன் கோடு, அதாவது இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று மட்டும் சொல்லும் டைமண்ட் இல்லாத கோடு போதும்.

இன்ஹெரிட்டன்ஸ், அதாவது ஒரு கிளாஸ் இன்னொரு பொதுவான கிளாஸின் ஒரு வகை என்பது, சுலபம். பொதுவானது பேரன்ட், அதன் வகை சப்கிளாஸ். எக்ஸ்பிரஸ் ஒரு ரயில்தானே? அப்போது வெள்ளை முக்கோணத்தின் முனை ரயிலைத் தொடும். அம்பு எப்போதும் பேரன்டைத்தான் பார்க்கும்.

சரி, என் மனசுக்குப் பிடித்த இடத்துக்கு வருவோம். கோட்டின் இரண்டு முனையிலும் எழுதும் எண்கள், அதாவது மல்டிபிளிசிட்டி. நிறைய டயகிராமில் இதை எழுதுவதே இல்லை. வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் தொழிலின் விதி முழுக்க அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. ரிசர்வேஷனில் ஒரு பிஎன்ஆரில் அதிகபட்சம் 6 பேர். அதனால் பயணி முனையில் 1..6. அதே பயணி வேறு நாளில் வேறு டிக்கெட் எடுப்பார், எடுக்காமலும் இருப்பார். ஆகவே டிக்கெட் முனையில் 0..*, நட்சத்திரம் என்றால் மேல் வரம்பு இல்லை. ஒரு டிக்கெட்டில் பல பயணிகள், ஒரு பயணிக்குப் பல டிக்கெட்டுகள். இந்த இரண்டு எண்ணைப் பார்த்ததும், யார் எந்த டிக்கெட்டில் என்று இணைக்க டேட்டாபேஸில் நடுவே ஒரு டேபிள் வேண்டும் என்பது தெரிந்துவிடும். கோடு மட்டும் இருந்தால் தெரியாது.

தட்கலில் 4 பேர்தான். அதற்காகத் தட்கல் டிக்கெட்டைத் தனி சப்கிளாஸ் ஆக்கலாமா? எண் மட்டும் மாறுகிறது என்றால் நான் ஆக்க மாட்டேன். ஆனால் உறுதியான தட்கல் டிக்கெட்டை நீங்களாகக் கேன்சல் செய்தால் பணம் திரும்பாது, ரீஃபண்ட் கணக்கே வேறு. நடத்தை மாறுகிறது, அதனால் தனி கிளாஸ் போடுவேன். நீங்களும் ஒரு தாளில் வரைந்து பாருங்கள். அடுத்த வீடியோவில் இதே டிக்கெட்டுக்கு சீக்வன்ஸ் டயகிராம், அதாவது எது எதற்குப் பிறகு நடக்கிறது என்று காட்டும் படம் போடுவோம்.