திருப்புடைமருதூர்: மருதமரமும் மஞ்சள் மூக்கும்

வணக்கம் மக்களே. குரலைத் தாழ்த்தித்தான் பேசுகிறேன், நீங்கள் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள். இதோ, கேமராவை மேலே திருப்புகிறேன். தெரிகிறதா? கிளைக்குக் கிளை நாரைக் கூடு. கூட்டுக்குக் கூடு குஞ்சு. காலை ஆறரை மணிக்கே கடைத்தெரு மாதிரி இரைச்சல். அத்தனையும் குஞ்சுகள் இரை கேட்கிற சத்தம். பெரிய பறவைகளுக்குக் கத்தத் தெரியாது, அலகை அலகோடு தட்டி டொக் டொக் என்று ஒலி எழுப்பும், அவ்வளவுதான்.

திருநெல்வேலி மாவட்டத்தில், வீரவநல்லூரிலிருந்து உள்ளே வந்தால், தாமிரபரணியோடு கடனாநதி சேருகிற இடத்தில் இருக்கிறது திருப்புடைமருதூர். மாசி மாதம் இது. தைப்பூசத்துக்கு இங்கே ஆற்றில் குளிக்கப் பெருங்கூட்டம் வரும். அது முடிந்து ஊர் அமைதியானதும் வந்திருக்கிறேன். குஞ்சு வளர்கிற சமயம் என்பதால் இந்தப் பறவைகளைப் பார்க்க இதுவே நல்ல நேரம்.

மஞ்சள் மூக்கு நாரை. சங்குவளை நாரை என்றும் சொல்வார்கள். ஜூம் செய்கிறேன், பாருங்கள். வெள்ளை உடம்பு, நெஞ்சுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை, வால் பக்கம் தாவணி முந்தானை போல ரோஜா நிறம். அலகு நல்ல மஞ்சள், நுனியில் லேசாக வளைவு. வெயில் ஏறியதும் தாய்ப்பறவை சிறகை விரித்து நிற்கும், குஞ்சுகள் அந்த நிழலில் ஒதுங்கிக்கொள்ளும். அதை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பினாலும் இங்கே வந்ததற்குப் போதும்.

பறவைக் காப்பகம் என்றதும் வேலி, பார்வைக் கோபுரம், டிக்கெட் கவுண்டர் எல்லாம் எதிர்பார்க்காதீர்கள். மொத்தமே 2.84 ஹெக்டேர், ஏறக்குறைய 7 ஏக்கர். கோயில், தெரு, படித்துறை, அவற்றைச் சுற்றியுள்ள மரங்கள், இவ்வளவுதான் இடம். ஆனால் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2002-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, அதன்படி நாட்டிலேயே முதலாவதாக அறிவிக்கப்பட்ட காப்பகம் (கன்சர்வேஷன் ரிசர்வ்) இதுதான். 2005-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அறிவித்தார்கள். அறிவிப்புக்கு முன்பும் பறவைகள் இருந்தன, ஜனங்களும் இருந்தார்கள்.

வந்ததும் ஒரு ஆச்சியைப் பார்த்தேன். வாசல் தெளித்துக்கொண்டிருந்தார். தெளித்த இடத்திலேயே மறுபடியும் வெள்ளை வெள்ளையாக எச்சம் விழுகிறது. மூக்கைப் பிடிக்கிற அளவுக்கு மீன் வாடை வேறு. "உங்களுக்குத் தொந்தரவாக இல்லையா ஆச்சி?" என்று கேட்டேன். விளக்குமாற்றை நிறுத்தாமலே சொன்னார், "நம்ம ஊர்ப் பிள்ளைகள்லா ராசா. தின்னா பேளத்தான் செய்யும்." அப்புறம் என் கையிலிருந்த ட்ரைபாடைப் பார்த்துவிட்டு, "மரத்துக்குக் கீழ சலசலன்னு நடக்காத. மிரண்டா குஞ்சு கீழ விழுந்துரும்" என்றார். அதிலிருந்து இந்தக் குரலில்தான் பேசுகிறேன்.

சரி, ஆற்றுப் பக்கம் நடப்போம். செருப்பைக் கழற்றிக்கொள்கிறேன், படி வழுக்கும்.

இந்த மரம்தான் மருதம். நீர்மருது. ஊருக்குப் பெயர் கொடுத்ததே இதுதான். பட்டையைத் தொட்டுப் பாருங்கள் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. வழவழவென்று, சாம்பலும் வெள்ளையுமாக, ஆங்காங்கே செதில் உரிந்து உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிகிறது. கீழே கிடக்கிற காய் இது. உள்ளங்கையில் வைத்துக் காட்டுகிறேன். நீளவாக்கில் ஐந்து விளிம்பு, ஐந்து சிறகு வைத்த மாதிரி. காய்ந்ததும் எடையே தெரியாது. தண்ணீரில் போட்டால் மிதந்து போகும், போய் எங்கோ ஒரு கரையில் ஒதுங்கி முளைக்கும். ஆற்றை நம்பியே விதை போடுகிற மரம்.

ஸ்ரீசைலம், திருவிடைமருதூர், இந்த ஊர், மூன்றிலும் தலமரம் மருதம்தான். தலை, இடை, கடை என்று வரிசை சொல்வார்கள், கடை மருதூர் இது. கோயிலில் இருப்பவர் நாறும்பூநாதர், அம்பாள் கோமதி. தலக்கதை இது: கருவூர்ச் சித்தர் அக்கரையில் வந்து நிற்கிறார், ஆற்றில் வெள்ளம், கடக்க முடியவில்லை. அங்கிருந்தே கூப்பிடுகிறார். அந்தக் குரலைக் கேட்கச் சிவன் தலையைச் சாய்த்தாராம். உள்ளே லிங்கம் இன்றும் ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இந்த ஆற்றில் வந்த வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு, அக்கரையில் ஒருவர் நின்று கூப்பிடுவது வெறும் கதையாகத் தோன்றாது. அன்று கரையைப் பிடித்துக்கொண்டு நின்றதில் இந்த வேர்களுக்கும் பங்கு உண்டு.

வேரைப் பற்றிப் பேசும்போதுதான் மனது கனக்கிறது. கிட்டே வருகிறேன், பாருங்கள். இது வேட்டி. இது சேலைத் துண்டு, இது தலையணை உறை. திதி கொடுக்க, பரிகாரம் செய்ய வருகிறவர்கள் உடுத்திய துணியை ஆற்றோடு விட்டுவிடுகிறார்கள். அது எங்கும் போவதில்லை, அடுத்த மரத்து வேரில் வந்து சுற்றிக்கொள்கிறது. இந்தச் சேலையை இழுத்தேன், பாதி கிழிந்து வந்தது, மீதி வேருக்குள் கயிறாக முறுக்கிக் கிடக்கிறது. கூடவே தூண்டில் நரம்பு. ஒரு பறவையின் கால் இதில் மாட்டினால் அறுத்துக்கொண்டு போக முடியாது. கத்தரிக்கோல் கொண்டு வந்திருக்கிறேன், வெட்டிப் பைக்குள் போட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டிலிருந்து யாராவது பாபநாசத்துக்கோ இந்தப் பக்கமோ திதி கொடுக்கப் போனால், துணியைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

இனி கோபுரம். ஐந்து நிலை. கோயிலில் அனுமதி கேட்டு உள்ளே ஏறிவிட்டு வந்தேன். கேமராவைக் கீழேயே வைத்துவிட்டேன். நூற்றாண்டுகளாக இருட்டில் இருக்கிற வண்ணத்தின் மேல் வெளிச்சம் பாய்ச்ச எனக்கு மனம் வரவில்லை. வாயால் சொல்கிறேன், கண்ணை மூடிக் கேளுங்கள். குறுகலான மரப்படி. ஒவ்வொரு நிலையிலும் செதுக்கிய மரத்தூண், மர உத்தரம். சுவர் முழுக்க நாயக்கர் காலத்து ஓவியம், காவியும் மஞ்சளும் பச்சையுமாக. ராமாயணம், திருவிளையாடல், அடியார்கள் கதை. ஒரு இடத்தில் கப்பல், அதில் குதிரைகள், கூடவே அரபு வணிகர்கள். இன்னொரு சுவரில் யானையும் குதிரையும் காலாட்களுமாகப் பெரிய போர். 1532-இல் அச்சுததேவராயரின் விஜயநகரப் படைக்கும் வேணாட்டு (பிற்காலத் திருவிதாங்கூர்) மன்னருக்கும் இதே தாமிரபரணிக் கரையில் நடந்த போர் அது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். சின்னச் சாளரம் வழியாக எட்டிப் பார்த்தால், அதே ஆறு. அங்கே நின்றபோது எனக்குப் பேச்சே வரவில்லை.

இறங்கி வந்து கரையோரம் வயல் பக்கமாக நடந்தேன். அங்கே ஒரு நாரை இரை தேடுவதைப் பார்த்தேன், வீடியோ சேர்த்திருக்கிறேன். அலகைப் பாதி திறந்து தண்ணீருக்குள் வைத்து, இடம் வலமாகத் துழாவுகிறது. கண்ணால் தேடுவதில்லை. மீன் அலகில் பட்டதும் சட்டென்று மூடிவிடுகிறது. இப்படித் துழாவ முழங்கால் அளவுத் தண்ணீர் வேண்டும். ஓடுகிற ஆறு அதற்குச் சரிப்படாது. குளமும் வயலும்தான் சரி. அந்தக் குளத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? ஆற்றின் குறுக்கே இருக்கிற அணைக்கட்டுகளிலிருந்து வருகிறது. தாமிரபரணியில் பழைய அணைக்கட்டுகள் 8. கடைசியில் உள்ள ஸ்ரீவைகுண்டம் மட்டும்தான் ஆங்கிலேயர் காலத்தது, மற்ற ஏழும் அதற்கு முந்தையவை. கல்லிடைக்குறிச்சிப் பக்கம் உள்ள கன்னடியன் அணைக்கட்டு அவற்றில் ஒன்று. அதன் கால்வாய் வீரவநல்லூர், சேரன்மகாதேவி வழியாகப் போய்க் குளங்களை நிரப்புகிறது. கூடு மருதமரத்தில், சாப்பாடு குளத்தில். குளம் தூர்ந்தால் மரம் இருந்தும் பறவை வராது. மணிமுத்தாறில் இருக்கிற அகத்தியமலை மக்கள் சார் இயற்கைவளக் காப்பு மையம் 2011 முதல் தாமிரபரணிக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறது. பொதுமக்களும் கலந்துகொள்ளலாம், சேர்ந்து பாருங்கள்.

திரும்பும் வழியில் நேரம் இருந்தால் சேரன்மகாதேவியில் இறங்குங்கள். ஆற்றங்கரையில் பக்தவத்சலர் கோயில், தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. விடுதலைப் போராட்ட வீரர் வ.வே.சு. ஐயர் குருகுலம் நடத்தியதும் இந்த ஊரில்தான். அங்கே பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி வைத்த விவகாரம் தமிழ்நாட்டு அரசியலையே திருப்பிப் போட்டது. 1925-இல் ஐயர் பாபநாசம் அருவியில் உயிர்விட்டார். அதற்கு ஒரு தனி வீடியோ வேண்டும், பிறகு போடுகிறேன்.

வருகிறவர்களுக்கு மூன்றே விஷயம். விடியலில் வாருங்கள், ட்ரோன் கொண்டு வராதீர்கள். குடை கொண்டு வாருங்கள், மரத்தடியில் அது தேவைப்படும்.

பஸ் வர இன்னும் கால் மணி நேரம் இருக்கிறது. ஆச்சி மறுபடியும் வாசலைப் பெருக்க ஆரம்பித்துவிட்டார். கூட்டிய எச்சத்தை மண்ணோடு அள்ளி வாழைக்கு அடியில் போடுகிறார். மேலே ஒரு குஞ்சு கூட்டு விளிம்பில் நின்று சிறகை அடித்துப் பார்க்கிறது. நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கிறேன், நீங்களும் பாருங்கள்.