வாசல் காணாத பத்தாயம்

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். வீட்டுக்கு நிறைவு தருவது பழைய பொருளே என்று பேச வந்திருக்கிறேன்.

“பழைய மரச்சாமான் கரையானுக்கு வைத்த படையல்” என்று சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு அமர்ந்தார் எதிரணி நண்பர். அவருடைய பிளாஸ்டிக் நாற்காலியின் பின்கால் வளைந்திருப்பதை நான் சொல்லப் போவதில்லை. கரையானுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். மன்னார்குடிப் பக்கத்து எங்கள் வீட்டில், 100 கலம் நெல் கொள்ளும் பலாப்பலகைப் பத்தாயம் ஒன்று தரை தொடாமல் கால்கள்மேல் நின்றது. நெல்லோடு நொச்சித் தழையும் வேப்பிலையும் போடுவார்கள். மூன்று தலைமுறையாக அதைத் தொடாத கரையான், புதிதாக வாங்கிய பிளைவுட் அலமாரியை ஒரே அடைமழையில் தின்று தீர்த்தது. நண்பரைப் போலவே கரையானும் புதுமை விரும்பிதான், நடுவர் அவர்களே!

களத்து நெல் நேரே கொள்முதல் நிலையத்துக்குப் போகத் தொடங்கியபின் பத்தாயத்துக்கு வேலையில்லை. பழைய மர வியாபாரிக்கு விற்றோம். நான்கு பேர் தூக்கினார்கள், வாசலில் சிக்கியது. சாய்த்தார்கள், போகவில்லை. படுக்கவைத்தார்கள், போகவில்லை. கதவையே கழற்றினார்கள், அப்போதும் போகவில்லை. எல்லாவற்றையும் திண்ணையிலிருந்து பார்த்து முடித்த பெரியப்பா, வெற்றிலையைத் துப்பிவிட்டு, “வீட்டுக்குள்ளேயே கோத்ததுடா, அது வாசலைப் பார்த்ததே இல்லை” என்றார். கதவைக் கழற்றிய பிறகு சொன்னார் என்பதை அவை கவனிக்க வேண்டும்!

பலகை பலகையாகப் பிரித்தபோது, உட்புறத்தில் ஆணியால் கீறிய எழுத்துகள் தெரிந்தன: அ, ஆ, இ, ஈ, உ, அதன்பின் பாதி ஊ. பெரியப்பா எழுந்து வந்து, வாங்கிய முன்பணத்தை வியாபாரியிடம் திருப்பிக் கொடுத்தார். அந்தப் பலகை இன்று எங்கள் கூடத்துச் சுவரில் இருக்கிறது.

எழுதியவர் என் அத்தை. பள்ளிக்கூடம் அனுப்பப்படாதவர், முதல் மரக்காலை ‘லாபம்’ என்று சொல்லி அளக்கும் களத்தில் நின்று, ‘லாபம், இரண்டு, மூன்று’ என்றே எண்ணக் கற்றவர். பத்தாயம் ஒழியும் நாளில், அடிநெல்லைக் கூட்டித் தள்ள, மேல்வாய் வழியாகச் சின்னப் பிள்ளையான அவரைத்தான் உள்ளே இறக்குவார்கள். அண்ணன் சொல்லிக் கொடுத்த எழுத்துகளை அந்த இருட்டில் கீறியிருக்கிறார். தை பிறந்து சம்பா நெல் ஏறியது. மறுபடி பத்தாயம் ஒழிந்தபோது அத்தை வளர்ந்திருந்தார். அவருடைய தோள் அந்த வாய்க்குள் நுழையவில்லை.